கடல்மாதாவின் கூந்தல்

சீப்பு ஈரமாக இருந்தது.

பிளோறன்ஸ் அதைக் காலை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அவளுடைய முடி தோளைக்கூடத் தொடுவதில்லை. சீப்புப் பல்லில் சிக்கியிருந்த முடியோ இழுக்க இழுக்க முழங்கைவரை வந்தது. முகர்ந்தாள். உப்பும் பாசியும். ஜேர்மனியின் இந்தக் கெல்சென்கிர்ச்சனில் நிலக்கரிப் புகை மணக்கும், ஈரச்சுவர் மணக்கும். கடல் மணக்க வழியில்லை.

அவ்வளவு நீள முடி அவளுக்குத் தெரிந்து ஒருத்திக்குத்தான். அக்கா பேர்பெச்சுவா, இராயப்புவின் முதல் மனைவி. சண்டைக்குப் பயந்து மன்னாரிலிருந்து அக்கரைக்கு, இந்தியாவுக்கு ஓடிய இரவில் வள்ளம் சரிந்தபோது கடலுக்குள் விழுந்தவள். அந்த இருட்டில் பிளோறன்ஸ்தான் பக்கத்தில் இருந்தாள். "எட்டிப் பிடிச்சனான் அத்தான், ஏலாமல் போச்சு" என்று கரையில் புரண்டு அழுதாள். பிறகு இராயப்பு அவளைக் கட்டினான். ஆனால் செத்தவளுக்கு நரைக்கவில்லை, கறி அடிப்பிடிக்கவில்லை. நித்திரையில் அவன் கூப்பிடுவது இன்னும் அந்தப் பெயரைத்தான்.

இப்போது சுவரில் ஒரு படம் வேறு. கீழ்வீட்டுக் கிழவி வீட்டைக் காலி பண்ணும்போது அவனுக்குக் கொடுத்தது. கனடாவின் பனிக்கரையில் இருக்கும் இனுவிற் சனங்கள் கல்லில் செதுக்கி, மை பூசி, மெல்லிய தாளில் ஒற்றி எடுத்த படம். அகன்ற முகமும் மீன்வாலுமாக ஒரு பெண். நாலாபக்கமும் அலையும் கூந்தல். சுற்றிவரக் கடல்நாய்கள், தோணியில் ஒரு மனிதன். 'கடலின் தாய்' என்று கிழவி சொன்னதும் இராயப்பு சிலுவை போட்டுக்கொண்டான்.

"எங்கடை கடல்மாதாவடி."

அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில் கொழுவி மெழுகுதிரி கொளுத்தினான். பொழுதுபட்டால் அதன் முன்னால்தான் முழங்கால். அவன் எழும்பிய பிறகு பிளோறன்சும் இருந்து செபித்தாள். 'அக்காவை அத்தான்ரை நெஞ்சிலை இருந்து எடுத்துப்போடு தாயே.'

இன்று மத்தியானம் மேல்வீட்டுக் கலாதேவி வந்து, படத்தையும் திரியையும் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மாதாவோ! உங்களுக்கென்ன விசரே மச்சாள்? கிழவி எனக்குக் கதை சொன்னவ. இவவைப் பெத்த தேப்பனே வள்ளத்தாலை தள்ளினவனாம். விளிம்பைப் பிடிச்சிருக்கிறா. அவன் விரலுகளை வெட்டிப்போட்டான். அந்த விரலுகள்தான் இந்தக் கடல்நாயள். விரலில்லாததாலை சீப்பாலை தலை இழுக்க ஏலாது. ஆரும் இழுத்துவிட்டால் கேட்டதைக் குடுப்பாவாம்."

பிளோறன்ஸ் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தாள்.

"என்ன, வெளிறிப்போனியள்?"

"குளிர்."

நாலு மணிக்கே இருட்டிவிடும் கார்த்திகை. பாண் வாங்கித் திரும்பியவள் கதவடியில் நின்றுவிட்டாள். உள்ளே, ஈரமுடிக்குள் சீப்பு மெல்ல மெல்ல இறங்கும் சத்தம், இடைக்கிடை பலகை நிலத்தில் தண்ணீர் சொட்டும் சத்தம், அவற்றுக்கு நடுவே இராயப்புவின் குரல். கட்டின நாள்தொட்டு அவள் ஒருநாளும் கேட்டிராத குழைவோடு.

"நோகுதே? மெல்ல இழுக்கிறன்."

பயத்துக்கு முதல் வயிறு எரிந்தது. தள்ளித் திறந்தாள்.

ஒற்றை மெழுகுதிரி. கதிரையில் அவன். படத்தின் சட்டத்திலிருந்து நிலம்வரை வழிந்து கிடந்தது, கூந்தல். கறுப்பாய். நனைந்து.

"அத்தான்."

அவன் திரும்பவில்லை. "எப்பிடி விழுந்தனியெண்டு கேட்டுப் பாத்திட்டன். சொல்லுறாள் இல்லை. உன்னைக் கேக்கட்டாம்."

தாளில் கடல்நாய்கள் இல்லை. அவை இருந்த இடங்கள் வெறும் வெள்ளை.

சட்டத்தின் கீழ்விளிம்பை விரல்கள் பற்றியிருந்தன. உள்ளேயிருந்து. ஒன்றில் அக்காவின் கலியாண மோதிரம்.

ஏறி வரப்போகிறாள். திரும்ப அவனிடம்.

பிளோறன்சின் கை தானாக நீண்டது. அன்றைக்கு இருட்டில், வள்ளத்தின் விளிம்பைப் பிடித்திருந்த அக்காவுக்குச் செய்த அதே ஒழுங்கு. முதலில் சுண்டுவிரல். நிமிர்த்தினாள். பிறகு மோதிர விரல்.

சீப்பின் சத்தம் நின்றது.

இராயப்பு அவளுடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நிமிர்த்திய ஒவ்வொரு விரலும், குளிர்ந்து, வழுவழுப்பாக, அவளுடைய விரலைச் சுற்றி மடங்கியது.