கண்ணை மூடிக்கொண்டவன்

விசில் ஊதி ஊதியே ஏட்டு தஹியாவுக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட் சிக்னல்... கொட்டுகிற மழை... வெள்ளைக் காரைக் குறுக்கே போய் மறித்தார்.

முருங்கைக்காய்ப் பையோடு குடைக்குள் நின்ற மேதா, காரின் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த காது படத்தை, ஓட்டுபவருக்குக் காது கேட்காது என்ற அடையாளத்தை, பார்த்தாள். அப்புறம்தான் அவனைப் பார்த்தாள். மழையில் நனைந்த நெற்றி. கொஞ்சமும் மிரளாத கண்கள்... போச்சு, விழுந்தாள்.

சைகைமொழி பெயர்ப்பதுதான் அவள் வேலை. அதில் ஒரே விதி. சைகை செய்பவர் சொன்னதை மட்டும், அவர் வாயாகி, 'நான்' என்றே சொல்ல வேண்டும். சொந்தச் சரக்கு கூடாது. ஊருக்கெல்லாம் இதைப் பாடம் எடுப்பாள், பெரிய மனுஷி.

"எனக்கு விசில் கேட்காது. டார்ச் காட்டியிருந்தா நின்னிருப்பேன். இந்தாங்க லைசென்ஸ்," என்றன அவன் விரல்கள். அப்படியே இந்தியில் சொன்னாள். லைசென்ஸில் கௌதமன் என்றிருந்தது. ஆனாலும் ஏட்டு அபராதம் போடத் தயாராக, அவள் பதறிப்போனாள்.

"பேச்சாரா ஹை, பையா... சோட் தீஜியே."

பாவம், விட்டுடுங்க. ஏட்டும் விட்டுவிட்டார். ஆனால் கௌதமன் அவள் உதட்டைப் படித்துவிட்டான்.

"பாவம்னு நான் சொன்னேனா?" கைகள் வெடுக்கென்று கேட்டன. "அபராதம் கட்டிட்டு மரியாதையா போயிருப்பேன்."

மன்னிப்புக் கேட்க அவள் கையைத் தூக்கியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அதற்குமேல் அவனிடம் எப்படிப் பேசுவது? உலகத்தில் அவளுக்கு வழியே இல்லாமல் போயிற்று.

அதன்பின், அவன் வருவானா என்று ஞாயிறுதோறும் அதே சிக்னலில் நின்றாள். பொழுது போக தஹியாவுக்கு 'லைசென்ஸ்', 'மெதுவா', 'போகலாம்' எல்லாம் சைகையில் சொல்லிக்கொடுத்தாள்.

"வோ நஹீ ஆயேகா, பேட்டி," என்பார் அவர். அவன் வரமாட்டான், மகளே. அவளுக்கும் அப்படித்தான் தோன்றிவிட்டது. வீட்டுக்குப் போய் அழுவாள்.

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிறு, அந்த வெள்ளைக் கார் வந்தது. தஹியா டார்ச் காட்டினார்... நின்றது. தடித்த விரல்களால் 'லைசென்ஸ்' என்று கேட்டார். கௌதமன் திகைத்துப்போய் எடுத்துக் கொடுத்தான்.

"இந்தப் பொண்ணு உனக்கு யாருன்னு அவன்கிட்ட கேளு," என்றார் அவளிடமே, இந்தியில். அப்படியே சைகையில் கேட்டாள். அவன் பதில் சொன்னான். அவள்தான் அதைப் பெயர்க்க வேண்டும்... விதிப்படி.

"யாரும் இல்லை," என்றாள். "சொந்த ஊருக்கு மாற்றல் வாங்கிட்டேன். வண்டியை விக்கப் போறேன். அந்தப் 'பாவம்'கிற வார்த்தைக்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொட்டாலே அதுதான் ஞாபகத்துக்கு வருது. ஆனா... இந்த சிக்னலுக்கு வரத்தான் மனசு வரலை, மத்த எல்லா சிக்னல்லயும் இவளைத்தான் தேடினேன். இவளை எனக்குப் பிடிச்சுப்போச்சு. அதான் இவ உதட்டுல அந்த வார்த்தையைப் பார்த்ததைத் தாங்க முடியலை."

ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. தஹியா சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேதா கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"இது நான் பேசறது. எனக்காக," என்றாள் கைகளால். "எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. அன்னிக்குப் பண்ணது தப்பு. போகணும்னா போங்க... கண்ணை மட்டும் மூடிக்காதீங்க."

பின்னால் ஹாரன்கள் அலறின. கௌதமனின் கண்கள் நிரம்பி வழிந்தன. அவன் துடைக்கவில்லை... மூடவும் இல்லை.