பரிசச் சாராயம்

விடிந்ததும் விடியாததுமாய் மாமியார் பெரியம்மாள் ஆரம்பித்துவிட்டாள்.

"மாப்பிள்ள வூட்டுக்காரங்க புதூர்நாட்டுலேர்ந்து கெளம்பியிருப்பாங்க. பொண்ணப் பெத்தவன் எங்கடி?"

அம்சவல்லி சாமை புடைத்த முறத்தைக் கீழே வைத்தாள். "வந்துருவாரு அத்தே."

"எங்கேர்ந்து வருவான்? சாராயம் காய்ச்சுற ஓடைப் பக்கம் போனத பக்கத்து வூட்டு சாந்தம்மா பாத்துட்டு வந்து சொல்றா. குடிகாரனுங்க வட்டமா குந்திக்கினு ஒருத்தன் கதைய ஒருத்தன் கேட்டா குடி போயிடுமா? அந்த ரங்கசாமியும்தான் நீ சொல்ற காவலூரு குடி நிறுத்துற கூட்டத்துக்குப் போனான். இன்னா ஆச்சு? மறுபடியும் குடிச்சிட்டு ரோட்டுல கெடந்தான்."

"கெடந்தாரு அத்தே. அடுத்த வாரமே வந்து குந்துனாரு. யாரும் அவரை வெரட்டல."

"கோயில்ல கயிறு கட்டியிருந்தா இந்நேரம் அடங்கியிருப்பான். என் புள்ளைய குடிகாரனுங்களோட சேத்துவுட்டுட்டு, பேச்சப் பாரு..."

அம்சவல்லி முறத்தை மறுபடி கையில் எடுத்தாள். ஒரே ஒரு பெயரைச் சொன்னால் போதும், கிழவி வாயை மூடிக்கொள்வாள். ஆனால் ஊருக்குத் தெரியாமல் கூட்டத்துக்கு வருகிறவர்களின் பெயரை வெளியில் சொல்லக் கூடாது என்று புருஷன் சத்தியம் வாங்கியிருந்தான். அவன் குடித்துவிட்டு அடித்த அடியையே வெளியில் சொல்லாத மகராசி, இதையா சொல்லிவிடுவாள்?

அந்த மலையில் பரிசம் என்றால் சம்பந்திகள் இருவரும் ஒரே குவளையில் சாராயம் குடிக்க வேண்டும். அப்போதுதான் கல்யாணப் பேச்சு முடியும். சர்க்காரின் சாராயத் தடையெல்லாம் மலைக்குக் கீழே இருக்கிற நாட்டோடு சரி. வாங்கி வருவது பெண்ணின் சித்தப்பன் வேலை. பெரியம்மாள் இருட்டிலேயே இளைய மகன் ராஜவேலுவின் கையில் கேனைக் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

மாப்பிள்ளையின் அப்பா கோபால்சாமி உறவுக்காரர்களோடு வந்து உட்கார்ந்தார். வெயில் ஏறியது. பெண்ணின் அப்பன் வரவில்லை.

"பெத்தவன் இல்லாத பரிசம் இன்னா பரிசம்? நாங்க எந்திரிக்கிறோம்" என்றார் அவர்.

உள்ளே அலங்கரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மகள் பூங்கோதை விசும்புவது அம்சவல்லிக்குக் கேட்டது. வாய் வரைக்கும் வந்த பெயரை அப்போதும் அவள் விழுங்கிவிட்டாள்.

ஒருவழியாக அம்சவல்லியின் புருஷன் பஞ்சாட்சரம் வந்து சேர்ந்தான். தம்பி ராஜவேலுவைத் தோளோடு அணைத்தபடி வந்தான். பெரியம்மாள் ஓடிப்போய் மூத்தவனின் வாயை முகர்ந்து பார்த்தாள். வேப்பங்குச்சி வாசனைதான் அடித்தது. கேனைச் சாய்த்தாள். காலி.

ராஜவேலு நேராக வந்து அம்சவல்லியின் காலில் விழுந்தான்.

"அண்ணி, என்னால உனக்கு இம்மாம் பேச்சா... யம்மா, கேட்டுக்கோ. குடிகாரன் நானுந்தான். உனக்குத் தெரியாம அந்தக் கூட்டத்துக்குப் போய்க்கினு இருக்கேன். கேனத் தூக்கினதுமே கை நடுங்கிடுச்சி. பாதி வழியில திரும்பி வந்து அண்ணன எழுப்புனேன். அப்பவும் ஓடைக்கரை வரைக்கும் காலு இழுத்துக்கினு போச்சி, அண்ணனும் கூடவே வந்தாரு. அண்ணன் என் கையப் புடிச்சிக்கினு அங்கயே குந்திட்டாரு. நடுக்கம் நின்னப்புறந்தான் வந்தோம். வெளிய சொன்னா என் மானம் போவும்னு அண்ணி வாயத் தொறக்கல..."

பெரியம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நானே அனுப்பிச்சேனே... பெத்த கையாலயே கேனக் குடுத்தேனே..." அம்சவல்லியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். "மன்னிச்சிடுன்னு கேக்கக்கூட எனக்கு வாயில்ல தாயே."

"அழாதீங்க அத்தே. ரெண்டு பேரும் வந்துட்டாங்க இல்ல."

கோபால்சாமி கனைத்தார். "அதெல்லாம் சரி. குவளையில இன்னாத்த ஊத்தி பேச்ச முடிக்கிறது?"

அம்சவல்லி உள்ளே போய் மலைத்தேனைத் தண்ணீரில் கலக்கி எடுத்து வந்தாள். பஞ்சாட்சரம் ஒரு வாய் குடித்துவிட்டு நீட்டினான். கோபால்சாமி தன் மனைவி ஜெயம்மாளைப் பார்த்தார். அவள் பார்த்த பார்வையில் மறுபேச்சில்லாமல் வாங்கிக் குடித்தார்.

ஜெயம்மாள் பெரியம்மாளின் பக்கத்தில் நகர்ந்து வந்து காதோடு கேட்டாள். "அந்தக் கூட்டம் என்னைக்கிங்க? எங்க வூட்டுக்காரரையும் இட்டுக்கினு போவணும்."

பெரியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கெழம. என் மருமவள கேளு, அவ இட்டுக்கினு போவா. நானும் வர்றேன்."