துப்பாக்கிக்கு முந்திய மௌனம்

மௌனத்துக்குள் யாரோ சல்லிக்கல்லில் நடந்தார்கள்.

படத்துக்குச் சத்தம் சேர்த்துக்கொண்டிருந்த மெல்ரோய் ஹெட்போனைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினான். திரையில் வில்லன் தண்டவாளத்தில் ஓடுகிறான். அடித்தொண்டையில் உறுமுவதுபோல ஒற்றைச் சுரம் மெல்ல ஏறுகிறது. மேளம் நெஞ்சுக்குள் இடிக்கிறது. றெயின் கூவிக் கடக்கிறது. பிறகு, துப்பாக்கி வெடிக்க முன்னம், எல்லாச் சத்தமும் ஒரேயடியாக அறுந்துவிட வேண்டும். பார்க்கிறவன் மூச்சுவிட மறக்கும் இடம் அது. அந்த இடத்தில்தான், நறுக், நறுக்.

"மச்சான், அந்த றெயின் சத்தம் சொல்லி வேலையில்லை," என்று டைரக்டர் றொஹான் காலையில்தான் போனில் புகழ்ந்திருந்தான். "அதில மட்டும் கை வச்சிடாத."

சும்மா சொல்லக்கூடாது, அருமையான றெக்கோடிங்தான். அதுதான் அவனை அரித்தது. போன கிழமை வெள்ளவத்தைக் கடலோரத் தண்டவாளத்தருகே மைக்கை நீட்டிக்கொண்டு நின்றான். அவனுடைய தொடர்மாடியின் செக்யூரிட்டி லோகேஸ்வரன், எதிரே வந்த றெயினுக்கு ஒதுங்கி மற்றத் தண்டவாளத்தில் ஏறினார். அதில் அவருக்குப் பின்னால் இன்னொன்று வந்தது. மெல்ரோய் கண்டான். ஒரு கத்துக் கத்தியிருந்தால் போதும். பாவி, றெக்கோடிங் கெட்டுவிடுமென்று பேசாமல் நின்றான்.

செத்த வீட்டில் அவர் மனைவி யோகேஸ்வரி கையைப் பிடித்துக் கேட்டாள்: "தம்பி, நீங்க அந்தப் பக்கந்தானே நின்னீங்க? கடைசியா அவரப் பாத்தீங்களா?"

"இல்லையக்கா. நான் காணேல்லை."

அந்தப் பொய் இன்னும் நாக்கில் கசந்தது. இன்றைக்கே போய் உண்மையைச் சொல்ல வேண்டும், இந்தச் சனியனையும் அழிக்க வேண்டும் என்று நினைத்தான். நினைத்தபடியே இன்னொரு தரம் ஓடவிட்டான். அவ்வளவு நல்ல சத்தம்.

நறுக். நறுக்.

றெயின் சத்தத்தை நிறுத்தினான். இசையை நிறுத்தினான். கடைசியில் கணினியையே நிறுத்தினான். ஜன்னலில்லாத அந்த அறையில் ஏசியின் குளிரும் கம்பளத்தின் புழுங்கல் வாடையும் மிஞ்சின. அவற்றுக்கு நடுவே உப்புக்காற்றும் சூடான இரும்பும் மணத்தன.

ஹெட்போனைக் கழற்றினான்.

நறுக்.

அறைக்குள்.

திரும்பினான். சுவரோரம் லோகேஸ்வரன். செக்யூரிட்டிச் சட்டை. தலை தோளில் சாய்ந்து கிடந்தது.

"அண்ணை..." மெல்ரோய் அழுதுவிட்டான். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. எல்லாத்தையும் அக்காட்டச் சொல்லுறன்."

அவர் அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலாக, அவனுக்குப் பின்னால், எதையோ பார்த்தார். நிலம் அதிர்ந்தது. கம்பளத்தில் நின்ற மெல்ரோயின் செருப்பில்லாத காலில் கல் குத்தியது.

"என்ன பாக்கிறியள்?"

பின்னாலிருந்து வெளிச்சம் விழுந்தது. மெல்ரோயின் நிழல் லோகேஸ்வரனின் நெஞ்சில் ஏறியது. பெருத்தது.

அவர் தன் உதட்டில் விரலை வைத்தார்.