காக்கை போட்ட முட்டைத்தோடு

“ஐயையோ... ஏங்க, இங்க வந்து பாருங்களேன்! குடி கெட்டுதே!”

தை அமாவாசை. பகவதியம்மாளின் அலறலில் திருவனந்தபுரம் ஆரியசாலை வீடே முற்றத்துக்கு ஓடிவந்தது. மாமனாருக்குப் படைத்துக் காக்கைக்கு வைத்த இலை கிணற்றுச் சுவரின் மேல் இருந்தது. காக்கையும் வந்திருக்கிறது. ஆனால் சோற்றைத் தொடாமல், எங்கிருந்தோ கவ்வி வந்த முட்டைத்தோட்டை இலை நடுவில் போட்டுவிட்டுப் பறந்துவிட்டது!

பகவதியம்மாளின் கொழுந்தன் மனைவி சொர்ணம்மாள் அதை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். கொல்லையில் வாழைமூட்டில் அவளே புதைத்த தோடு அல்லவா அது! பாழாய்ப்போன காக்கைக்கு ஊரில் வேறு இடமா கிடைக்கவில்லை?

“சைவ வீட்டுல முட்டையா! யாரு செஞ்ச வேலை இது?” என்று கத்தினார் பகவதியம்மாளின் புருஷன், மொத்தக்கடை முதலாளி திரவியம் பிள்ளை.

“நாந்தான் அத்தான்...” என்று கணவரின் அண்ணன் முன்னால் வந்து நின்றாள் சொர்ணம்.

யாருக்காக என்று அவள் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? அந்தத் திரவியம் பிள்ளையின் ஒரே மகன் கோலப்பன் பக்கத்தில்தான் வெளிறிப்போய் நின்றான். அப்பாவுக்குத் தெரியாமல், சொர்ணத்தின் கணவரான சித்தப்பா பழக்கும் காலேஜ் டீமில் கால்பந்து விளையாடுகிறவன். நெஞ்சில் பலமில்லை, தினமும் பாலில் முட்டை அடித்துக் குடி என்று டாக்டர் சொல்லிவிட்டார். “அப்பாவுக்குத் தெரிஞ்சா பந்தையும் நிறுத்திருவாங்க, படிப்பையும் நிறுத்திருவாங்க சித்தி” என்று காலில் விழுந்து அழுதான். அன்றுமுதல் விடியலில் முட்டையை வாழையிலையால் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு உடைத்து ஊற்றுவாள். கையோடு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வாள்.

திரவியம் பிள்ளை தம்பி பக்கம் திரும்பினார். “லேய் தாணு! கடையில ஒக்காரமாட்டேன், காலேஜுல பந்து பழக்குவேன்னு போனே. கோச்சாம் கோச்சு! இப்போ ஒம் பெண்டாட்டி அப்பா இலையிலேயே முட்டைய கொண்டாந்துட்டா. ரெண்டு பேரும் இன்னைக்கே வீட்ட விட்டு எறங்கணும், கேட்டியா!”

கோச் தாணுலிங்கம் என்றால் திருவனந்தபுரத்தில் பந்து தெரிந்தவர்கள் எழுந்து நிற்பார்கள். பையன்களைக் கை நீட்டி அடித்ததில்லை. என்ன சாதி என்று ஒருவனைக் கேட்டதில்லை. சங்குமுகம் கடற்கரை மணலில் அவர்களுக்கு முன்னால் தானே ஓடுவார். ஒரே ஒரு பிடிவாதம் மட்டும் உண்டு. பந்து கையில் பட்டால், ரெஃபரி பார்க்காவிட்டாலும் பட்டவனே கையைத் தூக்கிவிட வேண்டும். போன வருஷம் இறுதி ஆட்டத்தில் நேசையன் என்ற பையன் அப்படித் தூக்கித்தான் கோப்பை போயிற்று. ஊரே ஏசியது. அவரோ நேசையனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்! அந்த மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டதில் சொர்ணத்துக்கு இருந்த பெருமை கொஞ்சமல்ல.

அவர் கோலப்பனை ஒருமுறை பார்த்தார். அப்புறம் அண்ணனிடம், “அவ மேல தப்பில்ல அண்ணாச்சி. டீமுக்கு வேண்டித்தான் செஞ்சா. கோச் நானாக்கும். நாங்க எறங்குதோம்” என்றார்.

சொர்ணம் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“மாமா சோறு திங்காம போயிட்டாங்களேட்டி, பாவி!” என்று தலையிலடித்துக்கொண்டாள் பகவதியம்மாள்.

“அக்கா... நீங்களுமா அக்கா என்னை இப்படி...” அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை பொங்கிவிட்டது.

அப்போதுதான் கோலப்பனின் வலதுகை மேலே போனது.

“என்னலே, எதுக்குக் கையத் தூக்குதே?”

“எங் கையில பட்டுது அப்பா... முட்டை குடிச்சது நானு. நெஞ்சுல பலமில்லேன்னு டாக்டர் சொன்னாரு. நானும் டீம்ல ஆடுதேன். இன்னைக்கு சாயங்காலம் ஃபைனல்... சித்தி எனக்காக்கும் பழி சுமக்கா!”

தாணுலிங்கம் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பகவதியம்மாள் ஓடிவந்து பெட்டியைப் பிடுங்கி வீசினாள். “எம் பிள்ளைக்காகவாட்டி... தாயி, இந்த நாக்கு அழுகிப்போகட்டும்!” என்று சொர்ணத்தைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

“நெஞ்சுல பலமில்லேன்னு எங்கிட்ட ஏம்ல சொல்லல?” என்று மகனைக் கேட்டார் திரவியம் பிள்ளை.

“பயந்துட்டேன் அப்பா...”

அந்தச் சொல்லைக் கேட்டுத் திரவியம் பிள்ளை துவைகல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாலை டீம் தோற்றுத்தான் போயிற்று. ஆனால் மைதானத்தில் குடையை ஆட்டி ரெஃபரியை மலையாளத்தில் ஏசியவர் யார் என்கிறீர்கள்? நம் திரவியம் பிள்ளையேதான்!

மறுநாள் விடியலில் சொர்ணம் கொல்லைக்குப் போனாள். மூக்கில் துண்டைக் கட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாழையிலையில் ஒரு முட்டையை நீட்டியபடி நின்றிருந்தார் அத்தான்.

“இந்தா பிடிம்மா... முட்டைத்தோட்ட மட்டும் ஆழமா புதைச்சுரு. அப்பாவுக்கு எதுக்கு மனசு சங்கடம்?”