மனத்தாங்கல் காப்பாளர்

"அப்பா பாடினாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. ரொம்ப அழகா இருந்துச்சு" என்று மூன்றாவது முறையாகச் சொன்னாள் பொருநை.

"போதாது" என்றது கணினியில் ஓடிக்கொண்டிருந்த கோப்புமீட்பி நிரல்.

தூத்துக்குடியில் அந்த மாதம் அரிப்பான் புகாத வீட்டுக்கணினியே கிடையாது. அந்த நச்சுநிரல் எதையும் அழிப்பதில்லை. படம், பாட்டு, கடிதம் எல்லாவற்றையும் பொடிப்பொடியாக உதிர்த்து ஒன்றாகக் கலந்துவிட்டுப் போய்விடும். எந்தப் பொடி எந்தக் கோப்பினுடையது என்று இயந்திரத்துக்குத் தெரியாது. அன்றைக்கு அங்கே இருந்த மனிதருக்குத்தான் தெரியும். அதனால் கோப்புமீட்பி சாட்சி கேட்டது. நேரில் பார்த்தவர் ஏழு சரியான துப்பு கொடுத்தால், அவற்றைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தானே கோத்துவிடும். துப்பு தவறினால் பொடிகள் உடையும். மூன்றாவது தவறோடு கோப்பு போயே போய்விடும்.

பொருநை ஏற்கெனவே இரண்டு தவறு செய்திருந்தாள். அப்பா போட்டிருந்தது வெள்ளைச் சட்டை என்றாள், இல்லை. முதல் பந்தி என்றாள், அதுவும் இல்லை. உப்பு லாரி ஓட்டிய அவள் அப்பா கேமராவைக் கண்டால் ஓடி ஒளிகிற மனிதர். வாழ்நாளில் ஒரே ஒரு முறை, அவள் கல்யாணப் பந்தியில், சிக்கிக்கொண்டார். அவர் போய் நான்கு வருடமாகிறது. அவர் குரல் இருந்தது அந்த ஒரு கோப்பில்தான்.

கணவனைக் கேட்டால், "நீ பக்கத்துல இருந்த. வேற என்னத்தப் பாத்தேன் நான்?" என்று வழிந்தான். நல்ல பதில்தான், ஆனால் துப்பாகாது.

"அந்த விழாவில் யாராவது கோபித்துக்கொண்டு போனார்களா?" என்று கேட்டது மீட்பி. "மற்ற வீடுகளில் அவர்களால்தான் காரியம் ஆகியிருக்கிறது. சந்தோஷமாக இருந்தவர்களுக்கு ஒன்றும் நினைவில்லை."

பொருநைக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கோபித்துக்கொண்டு போனவள் இருக்கிறாள். கணவனின் அக்காள் ஆதிரை. பாயசம் தரவில்லை என்று அன்றைக்குக் கிளம்பியவள், பதினோரு வருடமாக இந்த வாசலை மிதிக்கவில்லை.

பொருநை வெட்கத்தை விட்டுக் கூப்பிட்டாள். மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் ஆதிரை வந்து நின்றாள்.

"வாங்க மதினி, உக்காருங்க."

"உக்காரதுக்கு வரல. உனக்காகவும் வரல. உங்கப்பா பாட்டுக்காக வந்தேன்" என்றவள் மீட்பியைப் பார்த்து, "கேட்டுக்கோ, ஒரு தடவதான் சொல்லுவேன்" என்று ஆரம்பித்தாள். "ரெண்டாம் பந்தி. எனக்கு மூணாவது இலை. இலை நுனி கிழிஞ்சிருந்துச்சு."

"பொருந்தியது. பொருந்தியது. பொருந்தியது."

"எனக்கு எதுக்க உங்கப்பா. ஊதாச் சட்டை, மேல் பித்தான் இல்ல. லாரி ஓட்டும்போது பாடுத பாட்டுன்னு சொல்லி, டம்ளர்ல தட்டித் தாளம் போட்டாரு. மூணாவது வரியில இருமல் வந்துட்டு."

"ஏழுக்கு மேலேயே பொருந்திவிட்டன. போதும்."

"நீ சும்மா கெட! முக்கியமானதே இனிமேத்தான் இருக்கு. அப்பதான் பாயச வாளி வந்துச்சு. எனக்கு முந்துன இலைக்கு ஊத்துனான். அடுத்த இலைக்கும் ஊத்துனான். எனக்கு ஊத்தல. நான் மாப்பிள்ளைக்கு அக்கா!"

அவள் முடிப்பதற்குள் திரை வெளிச்சமானது. ஊதாச் சட்டையில் அப்பா பாடிக்கொண்டிருந்தார். இருமினார், தன் இருமலுக்குத் தானே சிரித்தார், விட்ட இடத்திலிருந்து மறுபடி பிடித்தார். பொருநை அழுதுகொண்டே சிரித்தாள்.

எதிர் இலையில் ஆதிரை வாயைப் பிளந்து பாட்டில் சொக்கிப்போயிருந்தாள். அவள் வலது கை இலையை மூடியபடி விரிந்து கிடந்தது. பாயச வாளிக்காரர் வந்தார், கையைப் பார்த்தார், போதும் என்று நினைத்துக் கடந்துபோனார்.

"இன்னொரு தடவ ஓட்டு" என்றாள் ஆதிரை. ஓட்டினார்கள். "நான்தான் மறைச்சிருக்கேனா, ஏட்டி? பதினோரு வருசமால்லா திட்டுனேன் அந்த மனுசன!" சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். அன்று மாலை வரை அவள் போகவில்லை, பொருநையும் விடவில்லை.

அதற்குள் ஊருக்கே பாடம் புரிந்துவிட்டது. அரிப்பான் மறுபடி வரலாம். ஆகவே எந்த விசேஷமானாலும் ஒருவரை முறையாக மனம் நோகச் செய்து அனுப்புவது வழக்கமாயிற்று. அவருக்கு மனத்தாங்கல் காப்பாளர் என்று பெயரும் வைத்தார்கள். அழைப்பிதழிலேயே அச்சடித்தார்கள்.

அடுத்த ஆண்டு ஆதிரை மகன் கல்யாணத்தில் அந்தப் பதவி பொருநைக்குக் கிடைத்தது. மேடை ஏறியவளை, "ஒன்ன யாரு கூப்ட்டா? எறங்கு" என்று ஊரறிய விரட்டினாள் ஆதிரை. பொருநைக்குப் பெருமை தாங்கவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள்.

சாயங்காலம், வழக்கப்படி, மீட்பி அவளைச் சோதித்தது.

"மணமகன் வேட்டியின் கரை என்ன நிறம்?"

பொருநை கணவன் முகத்தைப் பார்த்தாள்.

"தாலி கட்டும்போது விளக்கு பிடித்தவர் யார்?"

"பிடிச்சாங்க... யாரோ பிடிச்சாங்க" என்று அசடு வழிந்தாள். சோறு என்ன கூட்டு என்ன என்பதுகூட வரவில்லை. ஆதிரைக்கு முகம் வாடிவிட்டது.

பந்தல் மூலையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. ஆதிரையின் சித்தப்பா கோயில்பிள்ளை துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"இந்த வீட்ல மூத்தவன்னு நான் ஒருத்தன் இருக்கேன். அவமானப்படுத்த ஆள் தேடுனப்போ, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு ஒருத்தருக்காவது தோணுச்சா?" மீட்பியின் பக்கம் திரும்பினார். "கரை அரக்கு. விளக்கு பிடிச்சது மாப்பிள்ளையோட சின்ன அத்தை, எடது கையில. நாயனக்காரர் செருப்புல வாரு அறுந்திருந்துச்சு. ஏழு பதிமூணுக்குத் தாலி. ஏழு பதினாலுக்கு என்னையத் தாண்டிப் போயி அந்தப் பிள்ளைய அவமானப்படுத்துறீங்க!"

"பொருந்தியது" என்றது மீட்பி. "பொருந்தியது. பொருந்தியது."

பதறிப்போன மாப்பிள்ளை தாத்தாவின் கையைப் பிடிக்க ஓடினான். ஆதிரையும் பொருநையும் ஒரே குரலில் கத்தினார்கள்:

"அவர யாரும் சமாதானப்படுத்திராதீங்க!"