ஆறாவது ஆணியில் கறுப்புப் பேடு

மதியம் 1.50.

தூக்குவாளியைக் கையில் பிடித்தபடி காளீஸ்வரி ஷெட்டுக்குள் நுழைந்தபோது, முதலாளி வேலுசாமி படகுக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தார். முதலில் அவள் பயப்படவில்லை. படகின் அடிப்பாகத்தைப் பார்க்க அவர் இப்படிப் படுப்பது வழக்கம்தான். கண்ணும் திறந்துதான் இருந்தது. அந்தக் கண்ணின் மேல் ஒரு ஈ உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் அலறினாள்.

ராஜபாளையத்தில் படகுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கிருப்பவன் தூத்துக்குடிக்குப் போக வேண்டும். ஆனால் தூத்துக்குடிக்காரனின் படகு மின்ன வேண்டுமென்றால் அவன் இங்கேதான் வர வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் இருந்த வேலுசாமியின் ஃபைபர் பட்டறைக்கு அப்படி ஒரு பெயர். தண்ணீர்த் தொட்டி, கார் பம்பர், படகு எல்லாம் அங்கே வரும். வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பு பூத்த படகு, திரும்பிப் போகும்போது முகம் பார்க்கலாம் போல இருக்கும்.

2.25.

சப்-இன்ஸ்பெக்டர் யுவராணி ஜீப்பிலிருந்து இறங்கினார். பின்னாலேயே ஏட்டு பால்சாமி.

வேலுசாமியின் வலது கையில் பாலிஷ் மிஷின். அதன் முகத்தில் வட்டமான கறுப்பு ஃபோம் பேடு. பிளக் சொருகியிருந்தது. வயர் ஓரிடத்தில் தோலுரிந்து செம்பு தெரிந்தது. தரை ஈரம். படகை ஏற்றி நிறுத்தியிருந்த இரும்பு டிராலியின் முனையில் ரத்தம், பின்மண்டையிலும் ரத்தம்.

"கரண்ட் அடிச்சு, விழுந்து, மண்டையில பட்டுருக்கு மேடம். பாவம். கேசு அம்புட்டுதான்" என்றார் பால்சாமி.

"காலைல இவர்தானே ஸ்டேஷனுக்குப் போன் பண்ணினது?"

பால்சாமி விழித்தார். "ஆமா மேடம். பதினோரு மணிக்கு. எஸ்.ஐ. அம்மா எப்ப வருவாகன்னு கேட்டாரு. போன்ல சொல்ற விசயம் இல்லன்னுட்டாரு."

யுவராணி அப்போது வன்னியம்பட்டிப் பக்கம் அலைந்துகொண்டிருந்தார். ஆறு நாளைக்கு முன்பு சைக்கிளில் போன மாரிச்சாமி என்ற விவசாயியை ஒரு கார் அடித்துப் போட்டுவிட்டு ஓடியிருந்தது. என்ன கார், என்ன நிறம், ஒன்றும் தெரியவில்லை. அதைத் தேடி ஓடிய நேரத்தில் இங்கே ஒருத்தர் பேசக் காத்திருந்து செத்துப்போயிருக்கிறார். யுவராணிக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

ஷெட்டைச் சுற்றி நடந்தார். தரை முழுக்க மாவு போல வெள்ளைத் தூசி. மூலையில் மட்டும் ஆள் நீளத்துக்கு, வில் போல வளைந்து, ஓரிடம் சுத்தமாக இருந்தது. ஏதோ ஒன்று அங்கே பல நாள் கிடந்து, இன்றைக்குத்தான் எடுக்கப்பட்டிருக்கிறது. சுவரில், பின்வாசல் பக்கமிருந்து வரிசையாக ஆறு ஆணிகள். ஐந்தில் கழுவிய பேடுகள் ஈரத்தோடு தொங்கின: முதலில் கம்பளி, அடுத்துச் சொரசொரப்பான ஃபோம், போகப்போக மெத்தென்று. ஆறாவது ஆணி காலி.

3.00.

காளீஸ்வரி. வயது முப்பத்திரண்டு. ஊர் சேத்தூர். ஒன்பது வருடமாக இங்கே பாலிஷ் வேலை. கண்ணாடி வளையல்களை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே பேசினாள்.

"பேடை எப்போ கழுவினே?"

"பன்னெண்டரைக்கு மேடம். சோத்துக்குப் போறதுக்கு முந்தி எல்லாத்தையும் கழுவி ஆணியில மாட்டிருவேன். பாலிஷ் கம்பவுண்டு காஞ்சுபோச்சுன்னா பேடு கல்லாயிரும்."

"மிஷின்ல எந்தப் பேடு இருந்தது?"

"ஒண்ணும் இல்ல. மொட்டையாத்தான் வச்சிட்டுப் போனேன்."

"தரையில தண்ணி?"

"வாசப்பக்கம் நாந்தான் சிந்தினேன். அது படகுகிட்ட எப்பிடி வந்துச்சுன்னு தெரியல. சத்தியமாத் தெரியல மேடம்."

"வயர்?"

"காலைல நல்லாத்தான் இருந்துச்சு." அவள் அழுதுவிட்டாள். "என்னைய உள்ள வச்சிருவீகளா? எனக்கு ரெண்டு பொட்டப்பிள்ளைக இருக்கு மேடம்."

"வேற ஏதாவது சொல்லணுமா?"

காளீஸ்வரி வாசலைப் பார்த்தாள். தன் அலறல் கேட்டு ஓடி வந்து அங்கே நின்றிருந்த இரண்டு ஆண்களையும் பார்த்தாள். "இல்ல மேடம்" என்றாள்.

சொல்ல ஒன்று இருந்தது. ஆனால் பேடு விஷயம் தெரிந்தவள் அந்தப் பட்டறையில் அவள் ஒருத்திதான். வாயைத் திறந்தால் விலங்கு தன் கைக்குத்தான் வரும் என்று பயந்தாள். ஏழைக்கு உண்மை பேசவும் தைரியம் வேண்டியிருக்கிறது.

3.20.

வேல்பாண்டி. ஃபைபரில் ரெசின் பசை பூசுகிறவன். "பின்னாடி தண்ணித் தொட்டிக்குள்ள ஒறங்கிட்டேன் மேடம். நெதமும் அங்கதான் படுப்பேன், குளுமையா இருக்கும். காளீஸ்வரி கத்துனதுலதான் முழிச்சேன்."

"பாலிஷ் போடத் தெரியுமா?"

"அந்தப் பக்கமே போகமாட்டேன். பேடைத் தொட்டா அவ கையை ஒடிச்சிருவா."

3.35.

முத்துக்குமரன். வேலுசாமியின் தங்கை மகன். ஸ்ரீவில்லிபுத்தூரில் கார் வாட்டர் வாஷும் பாலிஷும் செய்கிற கடை. கண் சிவந்திருந்தது. மாமாவுக்காக அழுத ஒரே ஆண் அவன்தான்.

"எப்போ வந்தீங்க?"

"ரெண்டு மணிக்குக் கொஞ்சம் முந்தி. சும்மா பாத்துட்டுப் போவோம்னு வந்தேன். வாசல்ல காரை நிப்பாட்டுறேன், உள்ள இந்தப் பிள்ளை கத்துது. மாமாகிட்ட எம்புட்டோ தடவை சொன்னேன், வயரை மாத்துங்கன்னு. கேக்கலயே."

வெளியே நின்ற அவன் கார் வெயிலில் கண்ணைப் பறித்தது. "நல்லா வச்சிருக்கீங்களே" என்றார் யுவராணி.

அழுகைக்கு நடுவிலும் அவனுக்குப் பெருமை வந்தது. "கார் பெயிண்டு வெங்காயத் தொலி மாதிரி மேடம். மெத்துனு உள்ள பேடை வச்சு, நோகாமத் தடவிக் குடுக்கணும். பதினஞ்சு வருசத்துல ஒரு கோடு விழுந்ததில்ல."

4.30.

உடலை ஆம்புலன்சில் ஏற்றினார்கள். வாக்குமூலம் எழுதி வாங்கிய பால்சாமி, கூப்பிட்டால் வர வேண்டும் என்று சொல்லி மூவரையும் அனுப்பினார். காளீஸ்வரி ரோட்டோரம் பஸ்ஸுக்கு நின்றாள். பக்கத்தில் கார் வந்து நின்றது.

"ஏறு தங்கச்சி. இந்த நெலமையில பஸ்ல போவியா? சேத்தூர்ல விட்டுட்டு வாரேன்" என்றான் முத்துக்குமரன்.

முதலாளியின் மருமகன். துக்கத்தில் இருக்கிறவன். மறுக்கத் தோன்றவில்லை.

4.45.

யுவராணி இன்னும் ஷெட்டில் இருந்தார். மொட்டையாக இருந்த மிஷினில் பேடு எப்படி வந்தது? அலமாரியில் பிரிக்காத கறுப்புப் பேடு ஒன்று இருந்தது. அதை எடுத்து, கொஞ்சம் கம்பவுண்டைத் தடவி, வேலுசாமி விழுந்து கிடந்த இடத்துக்கு நேராகப் படகில் தேய்த்தார். சுண்ணாம்புப் பூப்பு அசையவில்லை. முதல் ஆணியில் இதற்குள் காய்ந்துவிட்டிருந்த கம்பளியை எடுத்து அழுத்தித் தேய்த்தார். இருபது தேய்ப்பில், உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்பு எட்டிப் பார்த்தது.

செருப்பை மறந்து விட்டுப்போய், எடுக்க வந்த வேல்பாண்டி அதைப் பார்த்தான்.

"படகு மேல பூசுற ஜெல்கோட்டுன்னா சும்மாவா மேடம்? நான் பூசுறது தேங்காச் சிரட்டை மாதிரி கெட்டி. மெத்துனு தடவுனா ஒண்ணும் ஆகாது. காளீஸ்வரிகூட மொதலாளியப் பாத்த ஒடனே கத்துச்சே, இந்தப் பேடை யாரு மாட்டுனதுன்னு."

யுவராணி திரும்பினார். "எங்கிட்டச் சொல்லலையே. யார் முன்னாடி கத்தினா?"

"நானும் முத்துக்குமரனும் நின்னோம்."

"இப்போ அவ எங்கே?"

"முத்துக்குமரன் கார்ல போறா. சேத்தூர்ல விடுறேன்னான். சேத்தூர் தெக்க இருக்கு, ஆனா வண்டி வடக்காமத்தான போச்சு…"

"காளீஸ்வரி செல் நம்பரை எடுங்க!" என்று யுவராணி பால்சாமியிடம் கத்தினார். கம்பளியைக் கீழே போட்டுவிட்டு ஜீப்புக்கு ஓடினார்.

4.55.

"சேத்தூருக்கு இந்தப் பக்கம் இல்லயேண்ணே."

"கடையில செத்த வேலை இருக்கு. முடிச்சிட்டுப் பொறவு போவோம்." முத்துக்குமரன் அவளைப் பார்க்காமலே ஓட்டினான். "நீ அப்ப என்னமோ சொன்னியே தங்கச்சி. பேடுன்னு."

இவனுக்கு எதற்கு அது? கேட்ட அடுத்த நொடியே பதில் காளீஸ்வரிக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தது முகத்தில் காட்டக்கூடாதே என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பதட்டத்துல ஒளறிட்டேண்ணே."

"போலீசுகிட்டச் சொன்னியா?"

"இல்லண்ணே."

"வேற யார்ட்டயும்?"

"இல்ல."

"நல்லது" என்றான். கதவுகளின் பூட்டு ஒரே நேரத்தில் டக்கென்று விழுந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் போகாமல் வண்டி மேற்கே திரும்பியது. அது செண்பகத்தோப்பு ரோடு. கொஞ்ச தூரம் தோப்புகள், அதற்கப்பால் மலைதான். காளீஸ்வரி தன் இரண்டு பிள்ளைகளின் பெயரையும் மனதுக்குள் மாறி மாறிச் சொன்னாள். சாமி பெயர் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

செல்போன் அடித்தது. அவன் கை நீளுவதற்குள் எடுத்து, காதோடு அழுத்திக்கொண்டாள்.

"யுவராணி பேசறேன். பேரைச் சொல்லிடாதே. அக்கான்னு கூப்பிடு. கார்லதானே இருக்கே?"

"ஆமாக்கா."

"எந்தப் பக்கம்? ஸ்ரீவில்லிபுத்தூருக்குள்ளயா?"

"இல்லக்கா. மேக்காம… மேக்காம வெயில் கண்ணுல அடிக்குக்கா."

"புரிஞ்சது. நல்லாக் கேளு. வாந்தி வருதுன்னு சொல்லி சீட்டுல குனி. அவன் கார் அழுக்காகறதைப் பொறுக்கமாட்டான். ஆள் இருக்கிற இடமாப் பாத்துச் செய்."

நூறடி முன்னால் ஒரு டீக்கடை. வாசலில் வாழைத்தார் லாரியும் ஏழெட்டு ஆட்களும். காளீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு ஓங்கரித்தாள். ஓங்கரித்துக்கொண்டே சீட்டின் மேல் கவிழ்ந்தாள்.

"ஏட்டி! சீட்டுல எடுத்துறாத! இரு, இரு!"

பிரேக். பூட்டு திறந்தது. ஒருத்தியைக் கொல்லக் கூட்டிக்கொண்டு போகிறவன், அவள் தன் சீட்டைக் கறையாக்காமல் இருக்கக் கதவைத் திறந்து விட்டான். காளீஸ்வரி பாய்ந்து இறங்கி, டீக்கடைக்காரரின் பாய்லருக்குப் பின்னால் போய் நின்று, "அய்யா, என்னைய விட்டுறாதிய" என்று கத்தினாள்.

5.15.

ஜீப் வந்தபோது லாரிக்காரர்கள் காரைச் சூழ்ந்து நின்றிருந்தார்கள். முத்துக்குமரன் சிரிக்க முயன்றான். "பிள்ளைக்கு மனசு சரியில்ல மேடம். ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்."

"மாமாவைக் கொன்னது நீதான் முத்துக்குமரன்."

"கரண்ட் அடிச்சுச் செத்தவருக்கு…"

"செத்தபொறகு கையில மிஷினைக் கொடுத்தது யாரு? மொட்டை மிஷினைக் கொடுத்தா வேலை செய்யறப்போ செத்தார்னு யாரும் நம்பமாட்டாங்க. அதனால ஒரு பேடு தேவைப்பட்டது. ஆணியில ஆறு தொங்குது. காளீஸ்வரியா இருந்தா, வெளுத்த ஜெல்கோட்டுக்கு முதல் ஆணியிலிருந்து கம்பளியை எடுத்திருப்பா. வேல்பாண்டிக்கு ஒண்ணும் தெரியாது, கைக்கு எட்டினதை எடுத்திருப்பான். அவன் வர்ற பக்கத்துல இருக்கிறதும் முதல் ஆணிதான். அஞ்சு பேடையும் தாண்டிப் போய், இருக்கறதுலயே மெத்துனு உள்ளதைத் தேடி எடுக்க, பாலிஷ் தெரிஞ்சவனா இருக்கணும். ஆனா படகு தெரியாதவனா இருக்கணும். வெங்காயத் தொலியைத் தடவிப் பழகின கை அது."

முத்துக்குமரன் நகர்ந்து டிக்கியை மறைத்து நின்றான்.

"டிக்கியைத் திறங்க" என்றார் யுவராணி.

பால்சாமி திறந்தார். சாக்கில் சுற்றிய உடைந்த பம்பர். ஷெட்டின் தூசியில் சுத்தமாகக் கிடந்த அந்த வளைவுக்கு அளவெடுத்தது போல இருந்தது. விரிசலுக்குள் சிவப்பாக ஒரு துண்டு. சைக்கிளின் பின்விளக்குக் கண்ணாடி.

"சைக்கிள்ல போன மாரிச்சாமியை அடிச்சுப் போட்டுட்டு, ஆட்டுல மோதிட்டேன், ஒட்டிக் குடுங்கன்னு போன வாரம் மாமாகிட்ட இதைக் கொடுத்துட்டு, உனக்குப் புதுசு மாட்டிக்கிட்டே. இன்னைக்குக் காலைல தேய்க்கறப்போ அவர் கண்ணுல இது பட்டிருக்கு. ஸ்டேஷனுக்குப் போன் பண்ணினார். ஆனா அதுக்கு முன்னாடி உனக்கும் பண்ணியிருப்பார், சரியா?"

முத்துக்குமரன் காரின் மேல் சாய்ந்தான். "நீயே போய்ச் சொல்லிருய்யா மருமகனே, நானும் கூட வாரேன்னாரு" என்றான். "நான் தள்ளத்தான் செஞ்சேன். டிராலியில மண்ட அடிச்சிருச்சு. பொறவு பயம் மேடம். பயத்துலதான் அம்புட்டும் செஞ்சேன்."

"இவளை இங்கே கூட்டிட்டு வந்ததும் பயத்துலதானா?"

அவன் விலங்கு பூட்டிய கையோடு காளீஸ்வரியைப் பார்த்தான். "அப்ப எதைத்தான் மாட்டியிருக்கணும்?" என்று கேட்டான். தொழில்காரனின் கேள்வி. அந்த நேரத்திலும் அவனுக்கு அது தெரிய வேண்டியிருந்தது.

காளீஸ்வரி பாய்லருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள்.

"எதை மாட்டியிருந்தாலும் தப்புதான். நான் கழுவுன பேடு காயாம மொதலாளி மிஷினத் தொடமாட்டாக. ஈரப் பேடை மாட்டுனா கம்பவுண்டு பிடிக்காதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவியதான்."

சொல்லி முடித்ததும் அவளுக்கு உண்மையாகவே வாந்தி வந்தது. விழாமலிருக்க எதிரே நின்ற காரின் பளபளத்த பானெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதன் மேலேயே எடுத்தாள்.