இந்தப் பெயருக்கு உரிய வீடு

பிரவுசரில் வீட்டு சைட்டின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பூட்டுப் படம் காணாமல் போயிருந்தது. முதலில் அவ்வளவுதான்.

வேளச்சேரி ஆபீஸிலிருந்து போன் செய்த கணவன் ஆனந்தகுமார்தான் அதைச் சொன்னான். "ஜோதி, நம்ம வீட்டு சைட்டைத் திறந்தா 'பாதுகாப்பானது இல்லை'ன்னு சிவப்பா வருது. ஹால் கேமராவைப் பாக்க முடியல."

"சைட்டோட பாதுகாப்பு சர்டிபிகேட் தேதி முடிஞ்சிருக்கும். தானாவே புதுப்பிச்சுக்கணும், ஏன் பண்ணலைன்னு தெரியல. நான் பாக்கறேன், வைங்க."

"இங்க மழை கொட்டுது. ரோட்ல தண்ணி ஏறறதுக்குள்ள கிளம்பறேன். வர்றப்போ வர்ஷினியை டிராயிங் கிளாஸ்லேர்ந்து கூட்டிட்டு வந்துடறேன்."

ஜோதிலட்சுமி வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு கம்ப்யூட்டர் பராமரிப்பு வேலை பார்ப்பவள். கஸ்தூர்பா நகரில் மாடி வீடு. டி.வி. ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் ஒரு பழைய லேப்டாப்பை வைத்து, அதையே சர்வராக்கி, கல்யாணமான வருஷம் இருவர் பெயரையும் சேர்த்து வாங்கிய இணையப் பெயரில் வீட்டுக்கென்று ஒரு பக்கம் நடத்தி வந்தாள். மகள் வர்ஷினியின் போட்டோக்கள், டி.வி. பக்கத்தில் இருக்கும் சின்னக் கேமராவின் படம். வீட்டாரைத் தவிர யாரும் எட்டிப் பார்க்காத பக்கம்.

சாயங்காலம் ஆகும் முன்பே ஹால் இருட்டிக்கொண்டு வந்தது. மழை ஜன்னல் தகரத்தில் ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருக்க, பால்கனியில் காயாத துணிகளின் முடைநாற்றமும் சூடேறிய லேப்டாப்பின் தூசி வாடையும் கலந்து மூக்கில் ஏற, அவள் ஸ்டாண்டுக்கு முன்னால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். பெரிய வேலை இல்லை. சர்டிபிகேட் தருகிறவர்கள் ஒரு சொல்லைக் கொடுப்பார்கள். அதை நம் சர்வரில் வைக்க வேண்டும். பிறகு அவர்கள் வெளியிலிருந்து அந்தப் பெயரைத் தேடி வந்து படித்துப் பார்ப்பார்கள். கொடுத்த சொல்லே இருந்தால், பெயருக்கு உரிய இடம் இதுதான் என்று ஒப்புக்கொள்வார்கள்.

புதுப்பிக்கச் சொன்னாள். தோல்வி. வந்து பார்த்தோம், வேறு சொல் இருக்கிறது என்றது பதில்.

ரவுட்டரில் வழி திறந்திருந்தது. பெயர் இந்த வீட்டு இணைய முகவரியைத்தான் காட்டியது. அவள் வைத்த சொல்லும் வைத்த இடத்தில் இருந்தது. சர்வரை நிறுத்தி மறுபடி ஓட விட்டாள். மறுபடியும் அதே பதில். வேறு சொல்.

அப்படியென்றால் வருகிறவர்களுக்கு வேறு ஏதோ பதில் சொல்கிறது. எது?

அதுவரை ஓடிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மிக்ஸி எப்போது நின்றது என்று தெரியவில்லை. கீழே தெருவில் ஒரு ஹாரன்கூடக் கேட்கவில்லை. மழை மட்டும்.

வெளியிலிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது என்று பார்க்க, போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பக்கத்தைத் திறந்தாள். சிவப்பு எச்சரிக்கை வந்தது. பரவாயில்லை என்று உள்ளே போனாள்.

ஹால் தெரிந்தது. அவர்களுடைய சோபா, ஜன்னல், வாசற்கதவு, கடிகாரம். கேமராவுக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்திருந்த அவள் மட்டும் அதில் இல்லை.

பழைய படம் உறைந்து நிற்கிறது என்று நினைத்தாள். ஆனால் கடிகார முள் நகர்ந்தது. ஜன்னலில் மழை வழிந்தது. கேமராவுக்கு முன்னால் கையை ஆட்டினாள். படத்தில் எதுவும் ஆடவில்லை.

சமையலறையிலிருந்து ஒருத்தி ஹாலுக்கு வந்தாள்.

ஜோதி சட்டென்று திரும்பினாள். சமையலறை வாசல் காலி. போனைப் பார்த்தாள். அதே நீல நைட்டி. வாரி முடிந்த அதே கொண்டை. இடது கால் கொஞ்சம் இழுத்து நடக்கும் அதே நடை. வந்தவள் ஸ்டாண்டுக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகத் தட்ட ஆரம்பித்தாள்.

ஜோதி லேப்டாப்பிலிருந்து நெட் ஒயரைப் பிடுங்கினாள். பக்கம் செத்துப்போக வேண்டும். போகவில்லை. கேமராவின் ஒயரையும் பிடுங்கினாள். அந்தப் பெண் தட்டிக்கொண்டே இருந்தாள்.

போன் மெல்ல அதிர்ந்தது. மெயில். சர்டிபிகேட் புதுப்பிக்கப்பட்டது. பெயருக்கு உரியவர் சரிபார்க்கப்பட்டார்.

சிவப்பு போய்விட்டது. பக்கத்தின் மேலே பூட்டு வந்து உட்கார்ந்தது.

படத்தில் அவள் எழுந்தாள். யாரோ பெல் அடித்ததுபோல் போய் வாசற்கதவைத் திறந்தாள். ஆனந்தகுமார் தலை சொட்டச் சொட்ட உள்ளே வந்தான். அவனைத் தாண்டி ஓடி வந்த வர்ஷினி, மழைக்கோட்டுடனே அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

ஜோதி தன் கதவைப் பார்த்தாள். தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

ஓடினாள். தாழ்ப்பாள் அசையவில்லை. விரலுக்குப் பிடி கிடைக்கவில்லை. கதவு வரைந்து வைத்ததுபோல் சுவரோடு சுவராக இருந்தது.

ஆனந்தகுமாரைக் கூப்பிட்டாள். மணி அடித்தது. படத்தில் அவன் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து நெற்றியைச் சுருக்கினான்.

"ஹலோ, யாருங்க?"

"ஏங்க, நான்தான். ஜோதி."

"யாரு?"

"ஜோதிங்க! அவ நானில்ல. பாப்பாவைத் தூக்கிட்டு வெளிய வாங்க. உடனே வாங்க!"

அவன் திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தான். அவள் குழந்தையின் தலையைத் துவட்டிக்கொண்டே என்ன என்பதுபோல் புருவத்தைத் தூக்கினாள்.

"ஜோதி இங்க என் பக்கத்துலதாங்க நிக்கறா," என்றான். "உங்களுக்கு யார் வேணும்?"

கட்.

மறுபடி கூப்பிட்டாள். மணி அடிக்கவில்லை. ஹாலில் மழைச் சத்தமும் நின்றுபோயிருந்தது. ஜன்னலில் தண்ணீர் மட்டும் வழிந்தது. சத்தமில்லாமல்.

"வர்ஷி," என்று கத்தினாள். "வர்ஷிம்மா!"

படத்தில் குழந்தை தலையைத் தூக்கினாள். துண்டை விலக்கினாள். கேமராவை நோக்கி நடந்து வந்தாள். அருகே. இன்னும் அருகே. ஈர முகம் திரை முழுக்க நிறைந்தது. உதடு அசைந்தது.

அந்தக் கேமராவில் மைக் கிடையாது. குரல் டி.வி.க்குப் பின்னால் சுவருக்குள்ளிருந்து வந்தது.

"அம்மா, இதுக்குள்ள ஒரு ஆன்ட்டி அழறாங்க."

"எங்கடா செல்லம்?" ஜோதியின் குரல். ஜோதி வாயே திறக்கவில்லை.

குழந்தை ஒதுங்கினாள். அந்தப் பெண் குனிந்து கேமராவுக்குள் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு கேமராவை நோக்கிக் கையை நீட்டினாள்.

ஹாலில் வெளிச்சம் குறைந்தது. டி.வி. பக்கத்திலிருந்து. ஜோதி போனிலிருந்து கண்ணை எடுத்தாள். டி.வி. இருந்த எதிர்ச் சுவர் இல்லை. சுவர் இருந்த இடத்தில், தரையிலிருந்து கூரைவரை, ரேகை ரேகையாக, ஈரமும் சூடுமாக, ஒரு உள்ளங்கை நெருங்கி வந்துகொண்டிருந்தது.